ஜன்னலைக் கழிக்காத கணக்கு

போன வாரம் மாமியார் வீட்டுக் கூடத்தில் அத்தனை பேர் முன்னாலும் தலையை நிமிர்த்திப் பேசினாளே மூத்தவள், அந்தத் தலை இந்த வியாழக்கிழமை காலை வரைக்கும் நிமிர்ந்தேதான் இருந்தது.

“இஷ்டம் இருந்தா இரு, இல்லன்னா கிளம்பு” என்று வெளியூரில் வேலை பார்க்கும் கணவன் போனில் சொன்னதை வீடே கேட்டது. ஸ்பீக்கரைப் போட்டது அவளில்லை, மாமியார். கேட்டுவிட்டு, “போறதுக்கு இடம் இருக்கா?” என்று மாமியார் விசாரித்ததில் அக்கறை இருந்ததா, குத்தல் இருந்ததா என்பதை அவரவர் காதுக்கு விட்டுவிடலாம். மூத்தவள் காதில் குத்தல்தான் விழுந்தது.

“எங்கம்மா வீட்டுல எனக்குன்னு ஒரு ரூம் இருக்கு. ஞாயித்துக்கிழமை நானும் எம்பொண்ணும் கிளம்பறோம்” என்றாள்.

கணவன் போனை வைத்துவிட்டான். அவன் வீட்டுக்கு வந்தே மாதக்கணக்கில் ஆகிறது. வந்த நாட்களிலும் விருந்தாளி மாதிரி வந்தான், விருந்தாளி மாதிரி போனான். ஆகவே அன்றைக்கு அந்தக் கூடத்தில் புதிதாக எதுவும் உடையவில்லை. உடைந்தது எல்லோர் காதிலும் விழுந்தது, அவ்வளவுதான்.

மூட்டை முடிச்செல்லாம் கட்டியாகிவிட்டது. மகளிடம், வாண்டு என்றுதான் வீட்டில் அவளுக்குப் பெயர், விஷயத்தைச் சொல்லியாகிவிட்டது. அம்மாவும் போனில் “வா, வா, உன் வீடுதானே” என்றாள். தம்பி ஒரு படி மேலே போய், “உன் ரூம் அப்படியே இருக்குக்கா. பெயின்ட் மட்டும் அடிச்சு வெச்சுடறேன்” என்றான்.

ஆக, பாக்கி இருந்தது பெயின்ட் ஒன்றுதான்.

பெயின்ட்டுக்காக மூத்தவள் எங்கேயும் அலைய வேண்டியதில்லை. அவள் வேலை பார்ப்பதே பெயின்ட் கடையில். வருகிறவர்களிடம் அறையின் நீள அகலம் உயரம் கேட்டு, கதவையும் ஜன்னலையும் கழித்து, இத்தனை லிட்டர் என்று சொல்லி, அவர்கள் கேட்ட நிறத்தை மெஷினில் கலந்து கொடுக்க வேண்டும். கடையில் அவளுக்கு லிட்டர் மேடம் என்று பெயர். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அதுதான் அவளுடைய நிஜப்பெயர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தம்பி கூப்பிட்டபோது அவள் முன்னால் ஒரு இளம் ஜோடி நின்று வெள்ளையில் எந்த வெள்ளை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் சண்டை இப்போதைக்கு முடியாது என்று தெரிந்ததும் போனைக் காதில் வைத்தாள்.

“அக்கா, அளந்துட்டேன். சொல்லவா?”

“சொல்லு, சொல்லு.”

“ஒரு பக்கம் பத்தடி. இன்னொரு பக்கம் ஆறடி. உயரம் பத்து.”

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்தது. தம்பி வேன் ஓட்டுவதில் கெட்டிக்காரன். சைக்கிள் போகத் தயங்குகிற சந்தில்கூட வண்டியை நுழைத்துவிடுவான். ஆனால் கையில் டேப்பைக் கொடுத்தால் மட்டும் அவனுக்கு எங்கிருந்தோ ஒரு அசட்டுத்தனம் வந்துவிடும். அவளுக்குக் கல்யாணமான புதிதில் அவன் அளவெடுத்து வாங்கி வந்த கட்டில் கதவுக்குள் நுழையாமல் ஒரு வாரம் வராந்தாவில் கிடந்தது. புது மாப்பிள்ளை ஜம்மென்று அதில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். தெருவே பார்த்துச் சிரித்தது.

“டேய், அந்த ரூம் பன்னெண்டுக்குப் பத்துடா. கல்யாணம் ஆகிற வரைக்கும் அதுலதானே கிடந்தேன், எனக்குத் தெரியாதா? ஆறு எங்கேர்ந்து வந்துச்சு? பீரோ வரைக்கும் அளந்துட்டு நிறுத்திட்டியா?”

எதிர்முனையில் வேன் இன்ஜின் மட்டும் உறுமியது.

“சரி விடு. நான் பன்னெண்டுன்னே வெச்சுக்கறேன். ஜன்னல் மட்டும் அளவு சொல்லு, கழிக்கணும்.”

“ஜன்னலா?”

“ஆமா. ஜன்னல் மேலயா பெயின்ட் அடிப்பாங்க?”

“ஜன்னல்... இல்லக்கா.”

“இல்லன்னா?”

“இல்லன்னா... அதை விடேன். கதவு ஒண்ணு இருக்கு. அதை மட்டும் கழிச்சுக்க. அக்கா, பின்னால ஹாரன் அடிக்கிறாங்க. வெக்கறேன்.”

வைத்துவிட்டான். பின்னால் யாரும் ஹாரன் அடித்ததாக மூத்தவளுக்குக் கேட்கவில்லை.

பொய் சொல்லத் தெரியாதவர்கள் செய்கிற வேலை இப்படித்தான் இருக்கும். ஊரில் எத்தனையோ பெயின்ட் கடை இருக்கிறது. வேறு எந்தக் கடையில் கேட்டிருந்தாலும் சொன்ன அளவுக்குக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். போயும் போயும் வாயைத் திறந்தாலே ஜன்னல் எத்தனை என்று கேட்கிறவளிடம் வந்து, அதுவும் அவள் வளர்ந்த அறைக்கே, ஜன்னல் இல்லை என்று சொன்னால்?

அந்த அறையில் சொல்லிக்கொள்கிற மாதிரி இருந்த ஒன்றே ஒன்று அந்த ஜன்னல்தான். கதவுக்கு நேர் எதிரே, தெருவைப் பார்த்து, நாலடி அகலத்துக்கு இருக்கும். அதன் கீழே உட்கார்ந்துதான் அவள் படித்தாள், அழுதாள், கல்யாணத்துக்குச் சரி என்று சொன்னாள். அது எப்படி இல்லாமல் போகும்?

கை தானாகக் கணக்குப் போட்டது. அவளுக்குத் தெரிந்த அறையென்றால் நாலு சுவரும் சேர்ந்து நானூற்று நாற்பது சதுர அடி. கதவும் ஜன்னலும் போக நானூறு. பழைய சுவர், இரண்டு கோட் அடிக்க லிட்டருக்கு அறுபது அடி போகும். ஏழு லிட்டர் வேண்டும். தம்பி சொன்ன அறையென்றால் கதவு போக முந்நூறு அடி. ஐந்து லிட்டர் போதும்.

நடுவில் இரண்டு லிட்டர் இடிக்கிறது. இன்னொருவர் வீட்டுக் கணக்காக இருந்தால் சிரித்துவிட்டுத் திரும்ப அளந்து வரச் சொல்லியிருப்பாள். இப்போது அதே கணக்கை மறுபடியும் முதலிலிருந்து போட்டுப் பார்த்தாள்.

“மேடம், உங்க பெயின்ட்டைப் போட்டுடவா?” என்றாள் பில் போடும் பெண். “மதியத்துக்கு மேல அந்த ஹோட்டல் ஆர்டர் வந்துடும். அப்புறம் மெஷின் கிடைக்காது.”

“இரு, இரு. எவ்வளவுன்னு இன்னும்...”

“உங்களுக்கா தெரியல? அப்போ கடையை இழுத்து மூடிட வேண்டியதுதான்.”

பில் போடும் பெண் சிரித்தாள். மூத்தவள் சிரிக்கவில்லை. கூட வாங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றால், கலந்த பெயின்ட்டைக் கடை திரும்ப எடுக்காது. குறைவாக வாங்கிவிட்டுப் பிறகு கொஞ்சம் கலந்துகொள்ளலாம் என்றால், அடுத்த முறை கலக்குவது அச்சு அசலாக அதே நிறத்தில் வராது, சுவரில் திட்டுத் தெரியும். இதையெல்லாம் தினமும் ஐம்பது பேருக்குப் படித்துப் படித்துச் சொல்கிறவள் அவள். வாண்டு நிற அட்டையைப் புரட்டிப் புரட்டித் தேர்ந்தெடுத்த இளம்பச்சை, தினமும் கேட்டு வாங்குகிற நிறமும் இல்லை. பெயின்டர் நாளைக் காலை வருகிறார். நாளையை விட்டால் அவர் கிடைப்பது குதிரைக்கொம்பு.

“சாப்பிடப் போயிட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் போடாதே” என்று சொல்லிவிட்டு, கவுன்ட்டரில் கிடந்த டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். சாப்பாட்டு டப்பாவை எடுக்கவில்லை.

*

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. யோசிக்காமல் இருக்கத்தான் இடம் கிடைக்கவில்லை.

யார் செய்திருப்பார்கள்? தம்பிக்குச் சுயமாக ஒன்றும் தோன்றாது. அம்மா பெற்றவள். மிச்சம் யார்? தம்பி மனைவி.

ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெடுக்கென்று பேசுவாள், சில நாள் பேசவே மாட்டாள். வீட்டில் எந்தப் பொருளும் எந்த இடத்தில் இருக்க வேண்டுமோ அந்த இடத்தில் இருக்க வேண்டும் அவளுக்கு. நாத்தனாரும் நாத்தனார் மகளும் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று அவள் ஒரு முடிவு எடுத்திருப்பாள். ஜன்னலை அடைத்துவிட்டாளா? பக்கத்து ஸ்டோர் ரூமைக் காட்டி இதுதான் உங்க ரூம் என்று சொல்லப் போகிறாளா?

பஸ் இறங்குவதற்குள் மூத்தவள் மனசுக்குள் அவளோடு முழுச் சண்டையும் போட்டு முடித்துவிட்டாள்.

கதவைத் திறந்ததும் அவளேதான். மாலை ஷிப்ட்டுக்குக் கிளம்பத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவள், நாத்தனாரைப் பார்த்ததும் துண்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா! இந்த நேரத்துல? போன் பண்ணியிருக்கலாமே.”

“போன் பண்ணா ஜன்னல் வந்துடுமா?”

தம்பி மனைவி திருதிருவென்று விழித்தாள். விழித்த விழியிலேயே மூத்தவளுக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. செருப்பைக் கழற்றி விசிறிவிட்டு நேராக அறைக்குப் போனாள்.

கதவைத் திறந்தால் மட்டமத்தியானத்தில் ஒரே இருட்டு. சுவிட்சைத் தடவிப் போட்டாள்.

முகத்துக்கு நேரே பலகை. தரையிலிருந்து கூரை வரைக்கும், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும், அறையைச் சரிபாதியாக அறுத்துக்கொண்டு புதுப்பலகைத் தடுப்பு நின்றது. ஆணித் தலைகள் பளபளத்தன. ஒரு ஓரத்தில் மட்டும் ஆள் நுழைகிற அளவுக்கு வழி விட்டு, அதிலும் ஒரு திரையைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஜன்னல் அந்தப் பக்கத்துக்குப் போய்விட்டது.

பத்துக்கு ஆறு. தம்பி தப்பாக அளக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியாக அளந்திருக்கிறான்.

“யார் போட்டது இது?”

“அவர்தான் ஆள் வெச்சுப் போட்டார்.”

“போட்டவன் அவன். போடச் சொன்னது?”

தம்பி மனைவி துண்டின் நுனியை முறுக்கினாள்.

“நீதானே?” மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள். “நானும் எம்பொண்ணும் மூச்சு விடறதுக்கு ஒரு ஜன்னல் குடுக்கக்கூட உனக்கு மனசு வரல, இல்ல? இங்க வரவேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே. பெயின்ட் அடிச்சுத் தரேன்னு எதுக்கு நாடகம்?”

“என்னைத்தான் சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும்க்கா.” துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள் தம்பி மனைவி. முகம் சிவந்துவிட்டது. “முதல் நாளே அவர்கிட்ட சொன்னேன். கடைசியில என் தலைதான் உருளும்னு.”

“அவளை ஏன் திட்டறே?”

பின்னாலிருந்து அம்மாவின் குரல். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு, காலி வாளியோடு வந்து நின்றாள். வாளியைக் கீழே வைத்தாள். பிறகு ஞாபகம் வந்தவள் போல மெதுவாக இருமினாள்.

“எனக்காகத்தான்டி போட்டது. கொஞ்ச நாளா மூச்சு விட முடியல. கூடத்துல படுத்தா நெஞ்சை அடைக்குது. ஜன்னலோரமாப் படுத்தா தேவலைன்னு நான்தான் சொன்னேன். உன் ரூமை முழுசா எடுத்துக்க மனசு வரல. அதான் பாதி.”

மூத்தவளுக்கு யாரோ தலையில் தண்ணீரைக் கொட்டிய மாதிரி இருந்தது.

“எங்கிட்ட ஏம்மா சொல்லல?”

“உனக்கு இருக்கிற பாட்டுல இதையும் சொல்லணுமா? நீயே இப்போதான் ஒரு முடிவு எடுத்திருக்கே.”

பெற்றவளுக்கு மூச்சு முட்டுகிறது, தான் ஜன்னலுக்காகச் சண்டைக்கு வந்து நிற்கிறோம். மூத்தவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தம்பி மனைவியின் கையைப் பிடித்தாள்.

“ஏதோ கோவத்துல பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதே.”

தம்பி மனைவி கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அவ ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டா” என்றாள் அம்மா அவசரமாக. “நீ பகல் பூரா கடையில இருக்கப் போறே. வாண்டு ஸ்கூல்ல இருக்கப் போகுது. ராத்திரி தலையைச் சாய்க்கத்தானே? இந்த இடம் போதாதா?”

“போதும்மா. போதும்.”

போதாதுதான். இரண்டு பேர் படுத்தால் நடக்க இடமிருக்காது. வாண்டு படிக்க மேஜை போட முடியாது. பகலிலும் விளக்கு எரிய வேண்டும். ஆனால் அம்மாவுக்கு மூச்சு என்றால் அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். ஐந்து லிட்டர் போடு என்று கடைக்குச் சொல்லிவிட வேண்டியதுதான்.

எண்ணை அழுத்தப் போனவளுக்கு ஒன்று தோன்றியது.

“உன் பக்கமும் சேர்த்து அடிச்சுடலாம்மா. இது மட்டும் புதுசா இருந்து அது பழசா இருந்தா நல்லாவா இருக்கும்? பலகை இந்தப் பக்கம் எவ்வளவோ அந்தப் பக்கமும் அவ்வளவுதான். ஒரு நிமிஷம், அளந்துடறேன்.”

“வேணாம்! அங்க போகாதே.” அம்மா ஒரே எட்டில் குறுக்கே வந்தாள். இருமல் எங்கே போனதென்று தெரியவில்லை. “அங்க எல்லாம் கலைஞ்சு கிடக்கு.”

“கலைஞ்சா என்ன, நான் என்ன வெளியாளா?”

திரையை ஒதுக்கி உள்ளே போனாள்.

ஒன்றும் கலைந்து கிடக்கவில்லை. ஒரு கட்டில், அதன் மேல் ஒரு விரிப்பு, ஒரு தலையணை. அவ்வளவுதான். விரிப்பில் சுருக்கம் ஒன்றுகூட இல்லை. பீரோவில் மடித்து வைத்திருந்த மடிப்புக்கோடுகூட அப்படியே தெரிந்தது. அதன் மேல், தலையணை மேல், கட்டில் சட்டத்தின் மேல், ஆசாரி பலகை அறுத்தபோது பறந்த மரத்தூள் மெல்லிசாகப் படிந்திருந்தது.

மூத்தவள் நின்றது நின்றபடி சுற்றிலும் பார்த்தாள். அம்மா கண்ணாடி இல்லாமல் படுக்க மாட்டாள், கண்ணாடி இங்கே இல்லை. தைலப் புட்டி இல்லை. தண்ணீர்ச் செம்பு இல்லை. இவையெல்லாம் வரும்போது கூடத்தில், அம்மா எப்போதும் படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஸ்டூல் மேல் பார்த்தோமே என்று நினைவு வந்தது.

காற்றுக்காகக் கேட்ட ஜன்னல் இறுக்கிச் சாத்தியிருந்தது.

தலையணையை ஒரு விரலால் தடவினாள். விரலில் மரத்தூள் ஒட்டிக்கொண்டது.

“அம்மா, நேத்து எங்க படுத்தே?”

“இங்கதான்.”

“முந்தாநாள்?”

“இங்கதான்டி. என்ன போலீஸ் மாதிரி கேக்கறே?”

மூத்தவள் விரலை அம்மாவின் முன்னால் நீட்டிக் காட்டினாள். அம்மா அதைப் பார்த்தாள், பிறகு ஜன்னலைப் பார்த்தாள், பிறகு பார்ப்பதற்கு ஒன்றுமில்லாமல் தரையைப் பார்த்தாள்.

“நீ சொல்லு.” மூத்தவள் தம்பி மனைவியிடம் திரும்பினாள். “நீ நர்ஸ். அம்மாவுக்கு மூச்சுல என்ன?”

“அக்கா, என்னை இதுல இழுக்காதீங்க.”

“இழுத்தாச்சு. இப்போதானே உன்னை அந்தப் பேச்சுப் பேசினேன்? அதுக்காகவாவது சொல்லு.”

தம்பி மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொல்லாமல் விட்டுவிட்டு ஷிப்ட்டுக்குப் போய்விடத்தான் அவளுக்கு ஆசை என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனால் வெடுக்கென்று பேசுகிறவர்களுக்கு ஒரு சங்கடம், ரொம்ப நேரம் அடக்கி வைக்க வராது.

“அத்தைக்கு மூச்சுல ஒண்ணும் இல்லக்கா. போன மாசம் நானே கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டினேன். நுரையீரல் நம்மளைவிட நல்லா இருக்கு. தினம் வாளி துணியைத் தூக்கிட்டு மாடி ஏறுறாங்க.”

“நீ சும்மா இரு” என்றாள் அம்மா. சொன்னதில் காரம் இல்லை. குட்டு உடைந்துவிட்டது என்று அவளுக்கே தெரிந்துபோயிற்று.

கட்டில் ஓரத்தைக் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மூத்தவள் உட்கார்ந்தாள்.

“ஏம்மா?”

அம்மா ஜன்னல் ஓரத்துச் சுவரில் சாய்ந்துகொண்டாள். பேச ஆரம்பித்ததும் நிறுத்தவில்லை.

“ஏன்னா? சொல்றேன் கேளு. நீ வந்து இங்க வசதியா உட்கார்ந்துட்டேன்னு வெச்சுக்க. காத்து வருது, வெளிச்சம் வருது, வாண்டுக்கு ஸ்கூல் பக்கம். அப்புறம் நீ எதுக்குத் திரும்பிப் போவே? மாசம் வருஷமாகும். நான் இருக்கிற வரைக்கும் சரி. எனக்கப்புறம்? தம்பி வீட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கிறவன்னு உன்னை நாளைக்கு யாராவது ஒரு வார்த்தை சொன்னா, அதைக் கேக்க நான் இருப்பேனா? இடம் நெருக்கடியா இருந்தா ஒரு மாசம் பார்ப்பே, ரெண்டு மாசம் பார்ப்பே. கோவம் ஆறும். இதுக்கு அதுவே தேவலைன்னு உனக்கே தோணும். போயிடுவே. வராதேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அதான் பலகையைப் போட்டேன்.”

“எனக்கு மூச்சு முட்டணும்னு.”

“உன் நல்லதுக்குடி.”

“வாண்டுக்கும் முட்டுமேம்மா. அதை நெனைச்சியா?”

அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நினைத்திருக்கிறாள். நினைத்துவிட்டுத்தான் செய்திருக்கிறாள். அதுதான் மூத்தவளுக்குத் தாங்கவில்லை. தம்பி மனைவி செய்திருந்தால் கோபப்பட்டுவிட்டுப் போயிருக்கலாம். அம்மா செய்ததற்குக் கோபப்படவும் தெரியவில்லை, அழவும் பிடிக்கவில்லை. பெற்றவள் தன்னைத் தெரிந்துகொண்டு, எங்கே அடித்தால் திரும்பிப் போவாள் என்று அளவெடுத்து அடித்திருக்கிறாள்.

எழுந்தாள். ஜன்னல் கொண்டியைத் தட்டித் திறந்தாள். இறுகியிருந்தது, இரண்டு தரம் குத்த வேண்டியிருந்தது. தெருச் சத்தம் மொத்தமும் உள்ளே வந்தது.

பையிலிருந்து டேப்பை எடுத்தாள். ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும். கேட்பதற்குள் தம்பி மனைவி வந்து முனையை வாங்கிக்கொண்டாள். திரை விலகிய வழியாகப் போய், கதவுப் பக்கத்துச் சுவரில் வைத்து அழுத்திப் பிடித்தாள்.

“வெச்சுட்டேன்க்கா. பாருங்க.”

“பன்னெண்டு” என்றாள் மூத்தவள் ஜன்னல் பக்கத்துச் சுவரிலிருந்து.

“பலகையை விட்டுட்டு எதுக்குடி அளக்கறே?” என்றாள் அம்மா.

மூத்தவள் ஜன்னலின் குறுக்கே டேப்பைப் பிடித்தாள், பிறகு நெடுக்கே பிடித்தாள். கடைக்குப் போன் போட்டாள்.

“நான்தான். ஏழு லிட்டர் எடுத்து வெச்சுடு. நாலு லிட்டர் டப்பா ஒண்ணு, ஒரு லிட்டர் மூணு.”

“பலகையை யார் எடுக்கறது?” அம்மாவின் குரல் உயர்ந்தது.

“மாட்டினவரே கழட்டுவார்” என்றாள் தம்பி மனைவி. “போன்ல நான் சொல்லிக்கறேன், சாயங்காலம் வந்து கழட்டட்டும். இல்லன்னா நான் லீவு போட்டுட்டு நானே கழட்டறேன். நாலு நாளா இந்தப் பலகை அடிக்கிற வாசனையில எனக்குத்தான் தலைவலி.”

அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். வீட்டில் ஒருநாளும் சேராத இரண்டு பேர் ஒரு டேப்பின் இரண்டு முனையில் நிற்பதைப் பார்த்தாள். பிறகு யாரும் எதிர்பார்க்காத காரியம் ஒன்று செய்தாள். அந்தக் கட்டிலில் ஏறி, தூசியோடு தூசியாக, தலையணையில் தலை வைத்து, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

“இப்போ படுத்துட்டேன். இனிமே இங்கதான் படுப்பேன். என்னைத் தூக்கி வெளிய போட்டுட்டு அடிச்சுக்க.”

“எதுக்கும்மா தூக்கணும்? பெயின்டர் கட்டிலோட உன்னையும் சேர்த்துத் துணியைப் போட்டு மூடிட்டு அடிப்பார்.”

தம்பி மனைவிக்குச் சிரிப்பு பீறிட்டது, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூத்தவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவோம் என்று பயமாகவும் இருந்தது.

“சிரிங்க. நல்லா சிரிங்க.” அம்மா சுவரைப் பார்த்தபடியே பேசினாள். “அடிச்சு, அலங்காரம் பண்ணி வெய்யி. ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வந்து பார்க்கட்டும்.”

“அவர் எதுக்கு வரணும்?”

“நான்தான் கூப்பிட்டேன். பேசிட்டு, கையோட கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னேன். சரின்னுட்டார்.”

“யாரைக் கேட்டுக் கூப்பிட்டே?” மூத்தவள் கத்தியேவிட்டாள். “அவர் போன்னு சொன்னதை வீடே கேட்டுச்சு. இப்போ நீ போய்க் கெஞ்சினியா? என் மானத்தை எடுத்து அவர் கையில குடுத்துட்டு வந்தியா?”

அம்மா திரும்பிப் படுத்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் கலங்கவில்லை.

“உன்னைக் கேட்டா நீ விடமாட்டே. அதனால கேக்க வேண்டியவளைக் கேட்டேன். நேத்து வாண்டுகிட்ட போன்ல சொன்னேன், அப்பா வரார்னு. அது குதிச்ச குதி எனக்கு இங்க கேட்டுச்சு. கட்டின புத்தகத்தையெல்லாம் பிரிச்சு மறுபடியும் அலமாரியில அடுக்கிட்டேன்னு இன்னைக்குக் காலையில சொல்லுது. ‘அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே பாட்டி, அம்மா அழும்’னு சொல்லுது.”

தம்பி மனைவியின் கையிலிருந்து டேப் நழுவி, சர்ரென்று மூத்தவளிடம் ஓடி வந்து சுருண்டது.

காலையில் வாண்டு வழக்கம் போலத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியது. டாட்டா காட்டியது. அதன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பத்து வயசுக் குழந்தை தன் முகத்தை அம்மாவிடமிருந்து ஒளிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது, தனக்கு அது தெரியவே இல்லை என்பது மூத்தவளை அடித்துப் போட்டது. இந்த அறையை யாருக்காகக் கேட்டோம் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

போன் அடித்தது. கடையிலிருந்து பில் போடும் பெண்.

“மேடம், டப்பா எல்லாம் எடுத்து வெச்சாச்சு. ஹோட்டல்காரங்க வந்துட்டாங்க. இப்போ போட்டாதான் உண்டு. ஏழுதானே? போடட்டுமா?”

மூத்தவள் கட்டிலில் கிடக்கும் அம்மாவைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.

“மேடம்? இருக்கீங்களா?”

“ஏழுதான். போடு.”

சொல்லிவிட்டுப் போனை அணைத்தாள். கடைக்குத் திரும்ப வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. ஆனால் அவள் கால் வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தது. வாண்டின் பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்னால் அங்கே போய் நிற்க வேண்டும். போய் நின்று அதனிடம் என்ன கேட்பது என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.